இத்தாலிய வீட்டுச் சமையல்: நவம்பரில் தொடங்கி ஒரு வருடம், படிப்படியாக

இத்தாலிக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் இந்த ஊர்ச் சமையலை வீட்டில் செய்து பார்க்கும்போது, முதலில் ஒரு செய்முறையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் காய் தேடுகிறார்கள். ஜனவரியில் கத்தரிக்காயும் பழுக்காத தக்காளியும் வாங்கி, கத்தரிக்காயையும் தக்காளியையும் சீஸோடு அடுக்கிச் சுடும் பர்மிஜானா செய்கிறார்கள். சுவை வராது. தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இங்கே வீடுகளில் நடப்பது இதற்கு நேரெதிர். முதலில் சந்தை, பிறகுதான் என்ன சமைப்பது என்ற கேள்வி. செய்முறைகள் ஏராளம் என்று தோன்றினாலும் அடிப்படை முறைகள் சிலதான். பருவத்துக்குப் பருவம் காய்தான் மாறுகிறது. அந்த முறைகளைக் கற்க வேண்டிய வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்காலச் சாப்பாடு நெடுநேரம் வேகும், சின்னப் பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். கோடையில் பாதி வேலையைக் காயே செய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மீதிப் பாதியில் பிசகினால் சரிசெய்ய நேரம் இருக்காது.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

அடி கனமான 5 லிட்டர் பாத்திரம் ஒன்று, பாஸ்தாவுக்கு உயரமான பாத்திரம் ஒன்று, வடிதட்டு ஒன்று. கூடவே பாஸ்ஸாவெர்தூரா என்ற கையால் சுற்றும் மசிப்பான். மிக்ஸி இருக்கிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். மிக்ஸி தோலையும் விதையையும் சேர்த்து அரைத்துவிடும். இது அவற்றைத் தனியே நிறுத்திவிடும்.

அலமாரியில் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், ஒயின் வினிகர், உலர்ந்த பீன்ஸ், காய்ந்த மிளகாய், உப்பில் போட்ட கேப்பர் (ஒரு செடியின் பூ மொட்டு), உப்பிலோ எண்ணெயிலோ போட்ட நெத்தலி, ஒரு துண்டு பர்மிஜானோ சீஸ் இருக்கட்டும். சீஸின் கெட்டியான தோலை எறியாதீர்கள். வெளிப்புறத்தைச் சுரண்டிவிட்டுச் சூப்பில் போட்டால் அது ஒன்றே சாறுக்குச் செறிவு கொடுக்கும்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: பர்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைக்கப்படுகிறது. அது வேண்டாம் என்றால் லேபிளில் தாவர ரென்னெட் என்று எழுதியுள்ள சீஸைப் பாருங்கள். நெத்தலியை விட்டுவிட்டுக் கேப்பரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

"இத்தாலியன் சீசனிங்" பாக்கெட்டை வாங்க வேண்டாம். எல்லா மூலிகையும் கலந்து எல்லாவற்றின் மேலும் தூவும் வழக்கம் இங்குள்ள வீடுகளில் இல்லை. பீன்ஸுக்கு சேஜ், தக்காளிக்கு பேசில் என்று தனித்தனியே போவதுதான் வழக்கம்.

2. சந்தையில்

வாரச் சந்தைக்குக் காலையில் போங்கள். பெரும்பாலான இடங்களில் மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். காயை நீங்களே எடுத்து அழுத்திப் பார்க்காதீர்கள். கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு எடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் வெண்டைக்காய் நுனியை உடைத்துப் பார்ப்பதுபோல் செய்தால் முறைப்பார்கள்.

விலைப்பலகையில் காய் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படியுங்கள். ஒரே காய் நாலைந்து கடைகளில் குவிந்து, விலையும் இறங்கியிருந்தால் அதுதான் அந்த வாரத்துக் காய்.

வாங்கி முடித்ததும் "ஓதோரி" உண்டா என்று கேளுங்கள். ஒரு செலரித் தண்டு, ஒரு கேரட், கொஞ்சம் பார்ஸ்லி. ரோமிலும் டஸ்கனியிலும் தெரிந்த வாடிக்கையாளருக்கு இதைச் சும்மாவே போட்டுக் கொடுப்பார்கள். அடுத்த படிக்கு வேண்டியது இதில் பாதி வந்துவிடும்.

3. சோஃப்ரித்தோ: இதைப் பழகாமல் மேலே போகாதீர்கள்

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்குவதுதான் சோஃப்ரித்தோ. 4 பேருக்கு நடுத்தர வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1, எண்ணெய் 3 அல்லது 4 மேசைக்கரண்டி.

எண்ணெய் காய்ந்து புகையும்வரை காத்திருக்காதீர்கள். எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போதே காயைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மிகச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். உப்பு காயிலிருந்து நீரை இழுக்கும்; அந்த நீரில்தான் காய் முதலில் வேகிறது. பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் விடலாம்.

நம்மவர்களுக்குக் கை சறுக்கும் இடம் இது. வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கித்தான் நமக்குப் பழக்கம். இங்கே பொன்னிறம் வந்தால் சற்று அதிகமாகிவிட்டது என்று பொருள். காய்கள் கண்ணாடிபோல் தெளிந்து, கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் நிறம் மாறக் கூடாது. கருகல் வாசனை ஏறிவிட்டால் அதன் மேல் ஊற்றும் பீன்ஸ் சாறும் அதே வாசனையைத்தான் பிடிக்கும்.

பூண்டைக் கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள். முதலிலேயே போட்டால் மற்றவை வேகும் முன் கசந்துவிடும்.

4. டிசம்பர், ஜனவரி: ரிபொல்லீத்தா

டஸ்கனியின் இந்தச் சூப்பை முதல் பாடமாக வைக்கிறேன்; பெயருக்கு "மறுபடி கொதித்தது" என்று பொருள். இதில் சோஃப்ரித்தோ, பீன்ஸ் வேகவைப்பது, கீரை சேர்க்கும் வரிசை, பழைய ரொட்டியைப் பயன்படுத்துவது என நான்கு பழக்கங்கள் ஒரே பாத்திரத்தில் வந்துவிடுகின்றன. காவொலோ நேரோ என்ற கரும்பச்சை நீளக் கோசுக்கீரை இதற்கு வேண்டும். பனி விழுந்த பிறகு வருவதில் இனிப்பு கூடுதல், நாரும் இளகியிருக்கும். அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிடும். ஆனால் பொறுப்பது நல்லது.

முதல் நாள் இரவு: கன்னெல்லீனி வெள்ளைப் பீன்ஸ் 300 கிராம் ஊறப் போடுங்கள்.

மறுநாள் காலை: ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வையுங்கள். முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பீன்ஸில் இயல்பாக உள்ள, வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் அந்தக் கொதியில்தான் போகும். பிறகு தீயைக் குறைத்து, சேஜ் இலை நாலு, நசுக்கிய பூண்டு ஒரு பல், கொஞ்சம் எண்ணெய் சேர்த்து ஒன்றரை மணி நேரம் மெல்ல வேகவிடுங்கள். வெந்த நீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், சூப்பின் சாறே அதுதான்.

பீன்ஸில் பாதியைப் பாஸ்ஸாவெர்தூராவில் மசித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் சோஃப்ரித்தோ. அதன் மேல் ஒரு கரண்டி பஸ்ஸாத்தா (தோலும் விதையும் நீக்கி மசித்த தக்காளிச் சாறு), துண்டாக்கிய உருளைக்கிழங்கு ஒன்று, பாதி சவாய் முட்டைக்கோசு, தண்டு நீக்கிய காவொலோ நேரோ ஒரு கட்டு, கடைசியாக பியெத்தோலா கீரை. கெட்டியானது முதலில், இளசு பிறகு. மசித்த பீன்ஸையும் வெந்த நீரையும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, முழுப் பீன்ஸைக் கடைசியில் சேருங்கள்.

இப்போது ரொட்டி. இரண்டு மூன்று நாள் பழைய டஸ்கனி ரொட்டி 250 கிராம், மெல்லிய துண்டுகளாக. அந்த ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. கெட்டியாகக் காய்ந்திருக்கும், சாறை உறிஞ்சியும் உருக்குலையாது. அதற்குப் பதில் பாக்கெட்டில் வரும் மிருதுவான சாண்ட்விச் ரொட்டியைப் போட்டால் பசைதான் கிடைக்கும். உப்பில்லா ரொட்டி கிடைக்காத ஊரில் மேலோடு தடித்த, புளித்த மாவு ரொட்டி எதுவானாலும் சரி. சூப்பில் உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அடுக்கு ரொட்டி, ஒரு அடுக்கு சூப் என்று போட்டு மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. அன்றே சாப்பிட்டாலும் ருசிதான், ஆனால் அது இன்னும் ரிபொல்லீத்தா ஆகவில்லை. மறுநாள் மீண்டும் கொதித்து, கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகி வந்த பிறகுதான் அந்தப் பெயர். தட்டில் போட்டதும் காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று. டஸ்கனிக்காரர்களில் பலர் இதன் மேல் சீஸ் தூவ மாட்டார்கள், நானும் தூவுவதில்லை.

5. ஜனவரி, பிப்ரவரி: பாஸ்தாவும் கீரையும் ஒரே தண்ணீரில்

தெற்கு இத்தாலியில் உள்ள பூலியாவின் சீமே தி ராபா, மொட்டும் இலையுமாக வரும் கசப்புக் கீரை. ஒரெக்கியெத்தே என்ற சிறு காது வடிவப் பாஸ்தா 400 கிராமுக்கு இது ஒரு கிலோ வேண்டும். அதிகமாகத் தெரியும், ஆய்ந்து முடித்தால் பாதிதான் மிஞ்சும். மொட்டு, இளம் இலை, நகத்தால் கிள்ளினால் உடையும் தண்டு ஆகியவை மட்டும் போதும்.

தண்ணீர் 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர், லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு. தண்ணீர் கொதித்த பிறகே உப்பு, உப்பு கரைந்த பிறகே பாஸ்தா.

காய்ந்த ஒரெக்கியெத்தே என்றால் அதை முதலில் போட்டு, வெந்து முடிய 5 நிமிடம் இருக்கும்போது கீரையைப் போடுங்கள். கையால் செய்த பச்சை ஒரெக்கியெத்தே என்றால் கீரை முதலில். இரண்டும் ஒரே நேரத்தில் வெந்து முடிய வேண்டும், அவ்வளவுதான். தனித்தனியே வேகவைத்தால் கீரையின் சுவை வேறொரு தண்ணீரோடு போய்விடும்.

அதற்குள் அகன்ற வாணலியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், நாலு நெத்தலித் துண்டு. நெத்தலி கரையும்வரை மட்டும் சிறு தீ. பாஸ்தாவையும் கீரையையும் அரித்தெடுத்து நேரே இதில் போட்டு, வெந்த நீர் ஒரு கரண்டி விட்டுப் புரட்டுங்கள். அந்த நீரில் உள்ள மாவுச்சத்துதான் எண்ணெயைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கிறது. பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இதே மாதங்களில் சிசிலியின் சிவப்பு ஆரஞ்சு வரும்: தரோக்கோ, மோரோ, சங்குவினெல்லோ. வட்டமாக நறுக்கி, மெலிதாகச் சீவிய பெருஞ்சீரகக் கிழங்கு, கறுப்பு ஆலிவ், எண்ணெய், உப்பு. இதற்குப் படி எதுவும் கிடையாது.

6. மார்ச், ஏப்ரல்: கார்ச்சோஃபி

கார்ச்சோஃபி என்பது ஆர்ட்டிசோக், இலை இலையாக அடுக்கிய ஒரு பூ மொட்டு. அதை எல்லாரும் பயந்துதான் அணுகுகிறார்கள். பயம் வேகவைப்பதில் இருக்க வேண்டியதில்லை. ஆய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ரோமில் ஆய்ந்தே விற்பார்கள். முதல் தடவை ஒன்றை ஆய்ந்ததாகவும் மூன்றை முழுசாகவும் வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். முள்ளில்லாத, உருண்டையான ரொமானெஸ்கோ வகை கேளுங்கள்.

முதலில் ஒரு பாத்திரம் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து வையுங்கள். வெட்டிய இடம் நிமிடங்களில் கறுத்துவிடும். கையிலும் கறை ஏறும், கையுறை போடலாம்.

வெளி இலைகளைக் கீழ்நோக்கி வளைத்து ஒடியுங்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. இலையின் அடிப்பாகம் வெளிர் மஞ்சளாக வரும்வரை நிறுத்தக் கூடாது. "ஐயோ, பாதி வீணாகிறதே" என்று இரண்டாம் சுற்றிலேயே நிறுத்துகிறவர்கள்தான் பிறகு வாயில் நாரை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த இலை வேகாது. மேல் மூன்றில் ஒரு பாகத்தை வெட்டி எறியுங்கள். தண்டை எறியாதீர்கள், தோல் சீவினால் உள்ளே வெள்ளையாக இருப்பது காயின் நடுப்பகுதியைப் போலவே மிருது.

பொடியாக நறுக்கிய பூண்டு, மெந்தூச்சா என்ற காட்டுப் புதினா வகை (கிடைக்காவிட்டால் புதினாவும் பார்ஸ்லியும்), உப்பு. இதழ்களை விரலால் விரித்து நடுவில் அடையுங்கள். காய்கள் நெருக்கமாக நிற்கும் சிறு பாத்திரத்தில் தலைகீழாக, தண்டு மேலே பார்க்க வையுங்கள். பாத்திரம் பெரிதாக இருந்தால் சாய்ந்து விழுந்து ஒருபக்கம்தான் வேகும். எண்ணெயும் தண்ணீரும் சரிபாதி, காயின் மூன்றில் ஒரு பாகம் உயரத்துக்கு. மூடி போட்டு மெல்லிய தீயில் 30 முதல் 40 நிமிடம். தண்டு சேரும் இடத்தில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று. ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் பட்டாணியும் ஃபாவா அவரையும் சேர்ந்து வரும். வெங்காயத்தாள், ஆர்ட்டிசோக், ஃபாவா, பட்டாணி, லெட்யூஸ் என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் அது வின்யரோலா என்ற ரோமானியக் கூட்டு. வேக எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வரிசை.

மே 1 அன்று ரோமில் பச்சை ஃபாவாவைப் பெக்கொரீனோ சீஸோடு சாப்பிடுவார்கள். அழைத்தால் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா சிவப்பணுக்களை உடைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தாலியில் சில இடங்களில் கடை வாசலிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். இந்தக் குறைபாடு நம்மவர்களிடமும் உண்டு, வேகவைத்தாலும் தீராது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பரிசோதிக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

7. ஜூலை: கத்தரிக்காயும் பேசிலும்

சிசிலியின் கப்பொனாத்தாவை எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டி வதக்கும் கூட்டு என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. கத்தரிக்காய் ஒரு கிலோவை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, தாராளமான சூடான எண்ணெயில் தனியே பொரித்தெடுங்கள். எண்ணெய் குறைவாகவோ சூடு போதாமலோ இருந்தால் அது எண்ணெயைக் குடித்துவிட்டுத் துவண்டுபோகும்.

செலரியைத் தனியே உப்புநீரில் 3 நிமிடம் வேகவையுங்கள். வேறொரு வாணலியில் வெங்காயம், தக்காளி, பச்சை ஆலிவ், உப்பு கழுவிய கேப்பர். இது கெட்டியானதும் அரை டம்ளர் வினிகரும் 2 மேசைக்கரண்டி சர்க்கரையும். வினிகரின் காரவாடை அடங்கிய பிறகே கத்தரிக்காயையும் செலரியையும் சேருங்கள். சூடாகப் பரிமாறாதீர்கள். புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று சேர ஓர் இரவு தேவை.

பலெர்மோவில் ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கத்தரிக்காய் பொரிக்கும் பக்குவத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. மறுநாள்வரை தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பேசிலை அரைத்துச் செய்யும் ஜெனோவாவின் பெஸ்தோவுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: அதை அடுப்பில் வைக்காதீர்கள். சூடு பட்டால் பேசில் கறுத்து மணம் போய்விடும். பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டு இளக்கினால் போதும்.

8. ஆகஸ்ட்: பஸ்ஸாத்தா போடுவது

அடுத்த குளிர்காலத்துக்கான தக்காளி இப்போதே புட்டிக்குள் போக வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று வரும் ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டிய வாரங்களில் தெற்கு இத்தாலியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செய்வார்கள். முதல் தடவை 20 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். ஏறத்தாழ 12 லிட்டர் கிடைக்கும். தனியாகச் செய்யாதீர்கள், இரண்டு பேராவது வேண்டும்.

முந்தின நாள்: புட்டிகளைக் கழுவிக் கொதிக்க வைத்துக் கவிழ்த்து வையுங்கள். மூடிகள் ஒவ்வொரு வருடமும் புதிது. பழைய மூடியின் ரப்பர் வளையம் ஒருமுறை அழுந்தியது, மறுபடி இறுகாது.

தரம் பிரிப்பது: சான் மர்சானோ போன்ற நீண்ட, சதைப்பற்றான வகை. பூஞ்சை பட்டதை வெட்டிவிட்டுப் போடாமல் முழுதாகத் தள்ளுங்கள். கனிந்து குழைந்ததையும் அன்றைய குழம்புக்கு ஒதுக்குங்கள். அதில் புளிப்பு குறைந்திருக்கும். கிருமியைத் தடுப்பது அந்தப் புளிப்புதான். இங்குள்ள பாட்டிகள் செய்வதில்லை என்றாலும், நான் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடச் சொல்வேன். சுவையில் தெரியாது.

வேகவைப்பது: கழுவி, இரண்டாக வெட்டி, தண்ணீர் விடாமல் 15 நிமிடம். பிறகு வடிதட்டில் கொட்டித் தெளிந்த நீரை வடியவிடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்களின் பஸ்ஸாத்தா ரசம்போல் ஓடும்.

மசிப்பது: மசிப்பானில் ஒருமுறை. பிறகு மிஞ்சிய தோலை மட்டும் மறுபடி ஒருமுறை. இரண்டாம் முறை வருவது கொஞ்சம்தான், ஆனால் அதுதான் கெட்டி.

நிரப்புவது: புட்டியில் ஒரு பேசில் இலை, கழுத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே வரை சாறு, விளிம்பைத் துடைத்து மூடி. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை புளிப்பைக் குறைத்துவிடும். தாளிப்பெல்லாம் புட்டியைத் திறந்த பிறகு.

கொதிக்க வைப்பது: பெரிய பாத்திரத்தின் அடியிலும் புட்டிகளுக்கு இடையிலும் பழந்துணி. இல்லாவிட்டால் கொதியில் மோதி உடையும். தண்ணீர் மூடிகளுக்கு மேல் 4 விரல் நிற்கட்டும். புட்டி சூடாக இருந்தால் சூடான தண்ணீர், ஆறியிருந்தால் பச்சைத் தண்ணீர். மாற்றிச் செய்தால் கண்ணாடி விரிசல் விடும். கொதிக்கத் தொடங்கிய பிறகு 40 நிமிடம். அடுப்பை அணைத்து, அதே தண்ணீரில் மறுநாள்வரை ஆறவிடுங்கள்.

எடுத்து ஒவ்வொரு மூடியின் நடுவையும் விரலால் அழுத்துங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் சரி. "டக்" என்று மேலெழுந்தால் காற்று போகவில்லை. அதைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். பிற்பாடு அலமாரியில் எந்த மூடியாவது உப்பியிருந்தால் ருசி பார்க்காமலே எறியுங்கள்.

இது கைவந்ததும் அடுத்ததாகக் கத்தரிக்காயையும் காளானையும் எண்ணெயில் போடும் ஆசை வரும். அதற்கு முன் அவற்றை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் வேகவைத்தே ஆக வேண்டும். பச்சைக் காயையும் பச்சைப் பூண்டையும் எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைப்பதுதான் உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நச்சான பாட்டுலிசம் வரும் வழி.

9. செப்டம்பர், அக்டோபர்

போர்ச்சீனி காளானைக் கடையில் வாங்குங்கள். காட்டில் பொறுக்கியதை நண்பர் தந்தால், உள்ளூர் சுகாதார நிலையத்தின் காளான் பரிசோதகரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். தனியாருக்கு இலவசமாகவே பார்த்துத் தருவார்கள். காளானைத் தண்ணீரில் ஊற வைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய், பூண்டு, பார்ஸ்லியோடு அதிகத் தீயில் புரட்டுங்கள்.

பூசணிக்கு மாந்தோவா வகை, கெட்டியானது. வேகவைக்காமல் ஓவனில் சுடுங்கள். தோர்த்தெல்லி என்ற உள்ளடைத்த பாஸ்தாவில் அடைக்கும்போது நீர் இருந்தால் மாவு கிழியும்.

செஸ்ட்நட்டின் தோலில், அடுப்பில் வைக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் கத்தியால் ஒரு நீளக் கீறல் போடுங்கள், விட்டுப்போனது வெடிக்கும். கீறியதை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 200 டிகிரியில் 25 நிமிடம் சுட்டு, சூட்டோடு துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். அந்த ஆவியில்தான் உள்தோல் கழலும். ஆறிப்போனால் உரிக்க முடியாது, அதனால் சாப்பிட ஆட்கள் வந்த பிறகே ஓவனில் வையுங்கள்.